"என் டேப்ல அது ஏன் இல்லை?" – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் போன், டேப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். திரை மாற்ற வருகிறவர்கள் வேலை முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு பெரும்பாலும் பழுதைப் பற்றி இருக்காது. "அவங்க டேப்ல இருக்கு, என் டேப்ல ஏன் இல்லை?" என்பதில்தான் போய் நிற்கும். முதுநகர், தேவனாம்பட்டினம், நெய்வேலி, பாண்டிச்சேரி, எங்கிருந்து வந்தாலும் கேள்வி அதேதான். சீட்டு எடுத்த பணத்தில் பிள்ளைக்கு டேப் வாங்கியவர் கேட்கும்போது, "அந்த மாடல் அப்படித்தாங்க" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரே கம்பெனி எதுக்குங்க இத்தனை மாடல் போடறான்? நல்லதா ஒண்ணு செஞ்சா போதாதா?

ஒரே மாடல் என்றால் ஒரே விலைதான் வைக்க முடியும். 20,000 ரூபாய் என்று வைத்தால், 80,000 கொடுக்கத் தயாராக வந்த ஓவியரிடமும் 20,000தான் கிடைக்கும். 80,000 என்று வைத்தால், படிக்கிற பிள்ளைக்கு வாங்க வந்த குடும்பம் கடை வாசலோடு திரும்பிவிடும். இருவரிடமும் விற்க வேண்டுமென்றால் விலையைப் படிக்கட்டாகக் கட்டியாக வேண்டும். ஆப்பிளில் சாதா ஐபேட், மினி, ஏர், ப்ரோ. சாம்சங்கில் கேலக்ஸி டேப் ஏ வரிசை, அதற்கு மேல் எஃப்இ, அதற்கும் மேல் எஸ் வரிசை.

படிக்கட்டு கட்டிவிட்டால் இன்னொரு வேலை தானாக வந்து சேரும். கீழ்ப்படியில் நிற்பவர் மேல்படியைப் பார்த்து ஏங்க வேண்டும். மேல்படிக்காரர் கீழே இறங்கிவிடவும் கூடாது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் வேர்.

எந்த டேப்ல எது இருக்கணும்னு யாரு சார் முடிவு பண்றது, இன்ஜினீயரா?

இன்ஜினீயரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார், ஆனால் முதல் வார்த்தை அவருடையது இல்லை. முதலில் பேசுவது விலை. "15,000 ரூபாய்க்கு ஒரு டேப் வேண்டும்" என்று தீர்மானித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். அந்த 15,000-க்குள் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. அதைக் கழித்தால் சுமார் 12,700. கடைக்காரர் லாபம், மொத்த வியாபாரி லாபம், விளம்பரம், வாரண்டிச் செலவு, கம்பெனியின் சொந்த லாபம் எல்லாம் போன பிறகு மிஞ்சுவதில்தான் பொருளைச் செய்ய வேண்டும்.

அந்த மிச்சத்தில் பெரும் பங்கைத் திரை, சிப், நினைவகம் (ரேம்), பேட்டரி எடுத்துக்கொள்ளும். கடைசியில் கையில் இருக்கும் சில நூறு ரூபாய்க்குத்தான் சண்டை. நல்ல கேமராவா, நாலு ஸ்பீக்கரா, விரல்ரேகையா? பொருள் கடைக்கு வருவதற்கு வெகு முன்பே இதெல்லாம் முடிவாகி, உதிரிப் பாகங்களுக்கு ஆர்டரும் போயிருக்கும்.

விரல்ரேகை வைக்க என்ன ஒரு இருநூறு ரூபா ஆகுமா? அதைக்கூடவா வைக்க மாட்டான்?

ஒரு டேப்புக்கு இருநூறு என்றே வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் டேப் செய்தால் இருபது கோடி. கம்பெனி பார்ப்பது அந்த இருபது கோடியை. பாகத்தின் விலையோடும் அது நிற்காது: சோதிக்க வேண்டும், மென்பொருள் எழுத வேண்டும், கெட்டுப்போனால் வாரண்டியில் மாற்றித்தர வேண்டும்.

விலையை மட்டுமே பார்த்து வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2011 அக்டோபரில் மாணவர்களுக்கென்று டில்லியில் வெளியிட்டார்களே, ஆகாஷ் டேப். 7 அங்குலத் திரை, 256 எம்பி நினைவகம். விலையைக் குறைக்க, அழுத்தினால்தான் வேலை செய்யும் பழைய வகைத் தொடுதிரையை வைத்தார்கள். டேப் என்றாலே தொடுவதுதான் வேலை. அதில் கை வைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது ஆகாஷில் போனில் இருப்பது போன்ற திரைக்கு மாறினார்கள். எதை வெட்டினால் தாங்கும், எதை வெட்டினால் பொருளே வீணாகும் என்று தெரிவதுதான் இந்தத் தொழிலில் பெரிய திறமை என்பது என் எண்ணம்.

ஒரே சிப்புன்னு போட்டிருக்கான், ஆனா கம்மி விலை டேப்ல கோர் கம்மியா இருக்கு. ஏமாத்தறானா?

கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பிரிவு. அது குறைவாக இருப்பது ஏமாற்று இல்லை. பண்ருட்டி முந்திரிப் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஒரே தோப்புக் கொட்டையை உடைத்தாலும் எல்லாமே முழுப் பருப்பாக வராது. முழுசு தனி, பாதியாகப் பிளந்தது தனி, நொறுங்கியது தனி என்று பிரித்துத் தனித்தனி விலைக்குத்தான் விற்பார்கள். பிளந்ததை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை.

சிப்பும் அப்படித்தான். ஒரு பெரிய சிலிக்கான் வட்டில் நூற்றுக்கணக்கில் அச்சாகும் சிப்புகளில் சிலவற்றின் ஒரு மூலையில் குறை இருக்கும். குறையுள்ள கோரை அணைத்துவிட்டு மீதியை விற்கிறார்கள். 2024-ல் வந்த, எம்4 சிப் வைத்த ஐபேட் ப்ரோவில் 256, 512 ஜிபி சேமிப்புள்ள மாடல்களுக்கு 9 கோர், 8 ஜிபி நினைவகம். 1 டிபி, 2 டிபி மாடல்களுக்கு 10 கோர், 16 ஜிபி நினைவகம். ஆனால் அதே ப்ரோவில், வெளிச்சம் பட்டால் கண் கூசாத கண்ணாடியும் 1 டிபியோ 2 டிபியோ வாங்கினால்தான் கிடைக்கும். கண்ணாடிக்கும் சேமிப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது முந்திரிக் கணக்கு இல்லை, முதல் பதிலில் சொன்ன படிக்கட்டுக் கணக்கு.

அப்போ உள்ளே இருக்கறதையே வேணும்னு பூட்டி வைக்கிறாங்கன்னு சொல்றது நெசமா?

சில இடங்களில் நிஜம். இது டேப்போடு வந்த பழக்கமும் இல்லை. பாண்டிச்சேரியை ஆண்டார்களே பிரெஞ்சுக்காரர்கள், அவர்கள் நாட்டில் ழூல் துப்புயி என்ற பொறியாளர் 1849-லேயே இதை எழுதிவிட்டார். அந்தக் கால ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டதற்குக் காரணம் கூரையின் செலவு இல்லை. ஏழையை வதைக்கும் எண்ணமும் இல்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அவ்வளவுதான். 1990-ல் ஐபிஎம் ஒரு விலை குறைந்த லேசர் பிரிண்டர் விட்டது. நிமிடத்துக்கு 10 பக்கம் அடிக்கும் அதே இயந்திரம்தான். வேகத்தைக் குறைப்பதற்கென்றே தனியாக ஒன்றைச் சேர்த்து 5 பக்கமாக்கினார்கள். குறைந்த விலைப் பொருளுக்குக் கூடுதல் செலவு செய்து வேகத்தைக் குறைத்ததை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

டேப்பில் இவ்வளவு அப்பட்டமாகச் சொல்லிவிட முடியாது. 2022-ல் ஐபேடில் ஒரே நேரத்தில் பல செயலி ஜன்னல்களைத் திறந்து வைக்கும் வசதி வந்தபோது, எம்1 சிப் இருந்தால்தான் ஓடும் என்று ஆப்பிள் அறிவித்தது. பழைய ப்ரோ வைத்திருந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில மாதங்களிலேயே 2018, 2020 ப்ரோக்களுக்கும் கொடுத்தார்கள், வெளித்திரை இணைப்பை மட்டும் விட்டுவிட்டு. 2025-ல் வந்த ஐபேடின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 26-ல் ஜன்னல் வசதி சாதா ஐபேட் வரைக்கும் வந்துவிட்டது. "முடியாது" என்று கம்பெனி சொல்லும்போது, முடியவே முடியாததா அல்லது அவர்கள் எதிர்பார்க்கும் தரத்தில் முடியாததா என்று கேட்டுப் பார்க்கச் சொல்வேன். இரண்டாவதாக இருந்தால் நாளை மாறலாம்.

தம்பி, கடலுக்கு எடுத்துட்டுப் போனேன், மேப்புல நிக்கிற இடமே காட்டல. டேப் பழுதா?

பழுது இல்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒருவர் இதைக் கேட்டபோது அவர் கையில் இருந்தது வைஃபை மட்டும் உள்ள ஐபேட். ஆப்பிள், சிம் வசதியுள்ள மாடலில்தான் ஜிபிஎஸ் வாங்கியையும் வைக்கிறது. வைஃபை மாடல் சுற்றுமுற்றும் உள்ள வைஃபை பெட்டிகளை வைத்து இடத்தை ஊகிக்கும். கரையில் ஊகம் சரியாக வரும். கடலில் எதை வைத்து ஊகிக்கும்?

சிம் மாடலாக இருந்தால் சிம் போடாவிட்டாலும், சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். மேப்பை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டில் பல வைஃபை மாடல்களிலும் ஜிபிஎஸ் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்: படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவிக்கு மாற்றாக டேப்பை நம்பிப் போகாதீர்கள். ஈர விரலுக்கு அது சரியாக வேலை செய்யாது, வெயிலில் திரையும் தெரியாது.

அண்ணா, டேப் வாங்கிட்டேன், எஸ் பென் மட்டும் தனியா வாங்கினா எழுதுமா?

கேட்டது கல்லூரிக்குப் போகும் ஒரு பெண். நோட்டு எழுதத்தான் டேப் வாங்கியிருந்தாள். பேனா தனியாகக் கிடைக்கும் என்று விற்றவர் சொன்னாராம். அவள் வாங்கியது கேலக்ஸி டேப் ஏ9. அதில் சாம்சங்கின் பேனாவான எஸ் பென் எழுதாது. பேனாவை உணர்கிற தனி அடுக்கு ஒன்று திரைக்கு அடியில் இருக்க வேண்டும். டேப் எஸ் வரிசையிலும், எஃப்இ, எஸ்6 லைட் மாடல்களிலும் அது உண்டு, பேனாவும் பெட்டியிலேயே வரும். ஏ9-ல் அந்த அடுக்கே கிடையாது. எந்த அப்டேட்டும் அதைக் கொண்டு வராது. ரப்பர் முனைப் பேனா எல்லாத் திரையிலும் கோடு போடும், ஆனால் கையை ஊன்றி எழுத வராது. அவளிடம் இதைச் சொன்னபோது முகம் வாடிப்போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீங்கள் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இதுதான்.

ஆப்பிளிலும் பேனாக் குழப்பம் உண்டு, அங்கே பேனாவின் பெயர் பென்சில். 2022-ல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் யூஎஸ்பி சி துளை. அது ஏற்றுக்கொண்டதோ ஆப்பிளின் பழைய சார்ஜ் முனையான லைட்னிங் வைத்த முதல் தலைமுறைப் பென்சில். நடுவில் ஒரு அடாப்டர் போட்டுத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டியிருந்தது. படிக்கட்டுக் கணக்கோடு இடக் கணக்கும் அதில் இருந்தது: முன் கேமராவை நீளப் பக்கத்துக்கு மாற்றியதால், இரண்டாம் தலைமுறைப் பென்சில் ஒட்டிக்கொள்ளும் காந்தத்துக்கு அங்கே இடமில்லை. 2024-ல் ப்ரோவிலும் கேமராவை அப்படி மாற்றியபோது, காந்தத்தை வேறு மாதிரி அடுக்கிப் புதிய பென்சிலே கொண்டு வந்தார்கள். பழைய பென்சில் வைத்திருந்தவர்கள் மறுபடி காசு செலவழித்தார்கள்.

திரை நல்ல திரைதான், ஆனா படம் பார்த்தா மங்கலா வருது. ஏன்?

திரை மேல் தவறில்லை, பூட்டுச் சாவியில்தான் விஷயம். ஆண்ட்ராய்டில் படங்களைத் திருட்டிலிருந்து காக்க வைட்வைன் என்ற கூகுள் முறை இருக்கிறது. சிப்புக்குள்ளேயே பாதுகாப்பாகப் பூட்டைத் திறக்கும் டேப்புக்கு எல்1 தகுதி. மென்பொருளால் மட்டும் திறப்பதற்கு எல்3. அதற்கு 480 வரிப் படம்தான் அனுப்புவார்கள். எல்1 வாங்கக் கம்பெனி சோதனைக்கும் சான்றுக்கும் மெனக்கெட வேண்டும். மிக மலிவான டேப்களில் அதை விட்டுவிடுவார்கள். வாங்கும் முன் கடையிலேயே வைட்வைன் நிலையைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

64 ஜிபி பத்தாது, 256 ரொம்ப அதிகம். நடுவுல 128 ஏன் வைக்கல?

ஒன்பதாம், பத்தாம் தலைமுறை ஐபேட் இரண்டிலுமே 64-க்கு அடுத்து 256தான். நடுப்படியை எடுத்துவிட்டால் 64 போதாதவர் வேறு வழியின்றி இரண்டு படி ஏறுவார். சேமிப்புச் சிப்பை நாலு மடங்காக்க ஆகும் செலவைவிட நாம் கொடுக்கும் கூடுதல் பணம் மிக அதிகம். கம்பெனிக்கு நல்ல லாபம் வரும் இடங்களில் இது ஒன்று. 2025-ல் வந்த, ஏ16 சிப் வைத்த சாதா ஐபேடில் தொடக்கமே 128 ஆகிவிட்டது. மெமரி கார்டு போட இடமுள்ள ஆண்ட்ராய்டு டேப் வாங்குபவர்களுக்கு இந்தத் தலைவலி பாதிதான்.

சிங்கப்பூர்லேந்து மாமா கொண்டு வந்தது. சிம் போட்டா கால் போகலையே?

கடலூரிலும் பாண்டிச்சேரியிலும் வெளிநாட்டு டேப் இல்லாத தெருவே இல்லை. இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வரும். மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, ஐபேடில் சிம் போட்டாலும் சாதாரண போன் கால் கிடையாது, இணையம் மட்டும்தான். எந்த நாட்டில் வாங்கினாலும் அப்படித்தான். இரண்டாவது, ஆண்ட்ராய்டில் அது நாட்டுக்கு நாடு மாறும். 2010-ல் வந்த முதல் கேலக்ஸி டேப்பே இந்தியாவில் கால் பேசியது, அமெரிக்காவில் பேசவில்லை. ஒரே பொருள்தான், அங்கே அதை விற்றது தொலைபேசிக் கம்பெனிகள்.

மூன்றாவது, அலைவரிசை. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதற்கு 2ஜி, 3ஜி கிடையாது என்பதால் குரலும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அந்த நாட்டு மாடலில் இதற்கு அனுமதி இல்லையென்றால் இணையம் வரும், கால் வராது. 2024 முதல் வந்த ஐபேட் ஏர், ப்ரோவில் சிம் தட்டே இல்லை, அட்டை போடாமல் உள்ளேயே இருக்கும் இசிம் மட்டும். கொண்டு வரச் சொல்லும் முன் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஹெட்போன் ஓட்டையை ஏன் எடுத்தான்?

இடமும் காசும் மிச்சம், கம்பியில்லா இயர்போனும் விற்கும். ஆப்பிள் ப்ரோவில் 2018-லும், ஏரில் 2020-லும், மினியில் 2021-லும், சாதா ஐபேடில் 2022-லும் எடுத்தது.

புயல் மழையில நனைஞ்சிடுச்சு. நனையாத டேப்னு ஒண்ணு இருக்காமே?

2011 தானே புயலிலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்த ஊர் நமது. கேட்பது நியாயம். 2023-ல் வந்த கேலக்ஸி டேப் எஸ்9 வரிசைக்கும், அதன் எஃப்இ மாடல்களுக்கும் தூசியும் தண்ணீரும் புகாததற்கான ஐபி68 தரம் உண்டு. எந்த ஐபேடுக்கும் அப்படித் தரம் அறிவித்ததில்லை, லட்ச ரூபாய் ப்ரோவுக்கும் சேர்த்து. பெரிய கண்ணாடியைச் சுற்றி நீர் புகாமல் பசை போட்டு அடைப்பது கஷ்டம், பழுது பார்ப்பதும் கஷ்டமாகும். டேப் வீட்டுக்குள் இருக்கும் பொருள்தானே என்று பல கம்பெனிகள் நினைக்கின்றன.

ஐபி68 நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுப்பது. கடல் தண்ணீர் வேறு. உப்புக் காற்றே சார்ஜ் துளையில் பச்சை படிய வைப்பதை முதுநகரிலிருந்து வரும் டேப்களில் பார்க்கிறேன்.

கொஞ்ச நாள் காத்திருந்தா மேல் மாடல் வசதி கீழே இறங்கி வருமா?

சில வசதிகள் வரும், சிலவற்றைப் பிடித்து வைத்திருப்பார்கள். பென்சில் 2015-ல் ப்ரோவோடு வந்தது, 2018-லேயே சாதா ஐபேடுக்கு இறங்கியது. பள்ளிக்கூடங்களில் கூகுளின் விலை குறைந்த குரோம்புக் மடிக்கணினிகள் போட்டிக்கு நின்ற நேரம் அது. இன்னொரு பக்கம், நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் வழவழப்பான திரை 2017-லேயே ப்ரோவில் வந்துவிட்டது. 2025-ல் வந்த சாதா ஐபேடிலும் ஏரிலும் இன்னும் 60தான். அதைவிட மிக விலை குறைந்த கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் 2023-லேயே 90 கொடுத்தது. ஆகவே செலவு காரணமில்லை. ப்ரோவைத் தனித்துக் காட்ட அது தேவைப்படுகிறது, அதனால் மேலேயே இருக்கிறது.

புது ஐபேட் வாங்கினேன், ஏஐ வேலை செய்யலைங்கறான். அப்டேட்டில் வருமா?

ஏ16 ஐபேடாக இருந்தால் எதிர்பார்க்க வேண்டாம். ஆப்பிளின் ஏஐ வசதியான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் ஓட எம்1 அல்லது அதற்குப் பிந்தைய எம் வரிசைச் சிப், இல்லையென்றால் ஏ17 ப்ரோ சிப் வேண்டும். அதை ஏற்கும் எல்லா ஐபேடிலும் குறைந்தது 8 ஜிபி நினைவகம் இருக்கிறது, ஏ16 ஐபேடில் அவ்வளவு இல்லை. ஜன்னல் வசதி மாதிரி நாளை மனம் மாறிக் கொடுக்கிற விஷயம் இல்லை இது. நினைவகத்தை அப்டேட்டில் அனுப்ப முடியாது. ஆனால் அந்தச் சிப்பைத் தேர்ந்தெடுத்ததும் ஆப்பிள்தான். இந்தியாவில் சாதா ஐபேட் 34,900-க்கும், ஏர் 59,900-க்கும் வந்தன. நடுவில் 25,000 ரூபாய் இருக்கிறது. அதைக் கொடுக்க ஏதாவது ஒரு காரணம் காட்டியாக வேண்டும்.

பழைய ப்ரோ வாங்கறதா, அதே காசுக்குப் புது சாதா வாங்கறதா?

கஷ்டமான கேள்வி, ஆளைப் பொறுத்தது. 2018 ப்ரோவில் 120 திரை, நாலு ஸ்பீக்கர், முகம் பார்த்துத் திறக்கும் பூட்டு எல்லாம் உண்டு. 2025-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 26-ம் அதற்குக் கிடைத்தது. படம் வரைகிறவர், வீடியோ வெட்டுகிறவர் என்றால் பழைய ப்ரோ பக்கம் சாய்வேன். பள்ளிப் பிள்ளைக்கு என்றால் புது சாதாதான். வாரண்டியும், இன்னும் பல வருட அப்டேட்டும் அதற்குத்தான் பெரிது.

பழையதில் பயம் பேட்டரி. டேப்பைத் திறக்கத் திரையைச் சூடாக்கிப் பசையை இளக்க வேண்டும். கை கொஞ்சம் தவறினாலும் கண்ணாடி விரிந்துவிடும், அந்தத் திரை விலைக்கு வேறு டேப்பே வாங்கலாம். அதனால் பழைய ஐபேடுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கடைக்கு எடுத்து வாருங்கள். கணினியில் சொருகி, பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.